சோவியத் நடிகர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? ஏன்?

இன்னொகென்தி ஸ்மொக்துனோவ்ஸ்கி. சத்தமே போடாமல் நடிப்பவர் என்பதால்.

1925-இல் சைபீரியாவின் தோம்ஸ்க் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். மீசை அரும்பும் வயதிலேயே போர்முனைக்குப் போய்விட்டார். கூர்ஸ்க் சண்டையில் இருந்தார். 1943 கடைசியில் கீவ் அருகே ஜெர்மானியரிடம் பிடிபட்டு, தப்பி ஓடினார். உக்ரேனியப் பெண் ஒருவர் வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். பிறகு கொரில்லாப் படையில் சேர்ந்து, மறுபடி செம்படைக்குப் போய், வீரப் பதக்கமும் வாங்கினார். ஆனாலும் எதிரியிடம் கைதியாக இருந்தவர் என்ற கறை விடவில்லை. பெரிய நகரங்களில் குடியிருக்கத் தடை. அதனால்தான் ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால், கைதி முகாம்கள் சூழ்ந்த நொரில்ஸ்க் நகரத்து நாடக அரங்கில் போய் நடித்தார். அப்புறம் மகச்கலா, ஸ்டாலின்கிராட் என்று ஊர் ஊராக அலைச்சல்.

முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் திருப்பம் வந்தது. 1957-இல் லெனின்கிராட் இயக்குநர் தவ்ஸ்தனோகவ், தஸ்தயேவ்ஸ்கியின் 'அசடன்' நாவலை மேடையேற்றினார். அதில் இளவரசன் மிஷ்கின் வேடம் இவருக்கு. ஒத்திகையில் பாத்திரம் பிடிபடவே இல்லை. ஒருநாள் ஸ்டுடியோவில், அத்தனை கூட்டத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவே ஒரு மனிதர் அமைதியாக நின்று புத்தகம் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அந்த நிற்கும் விதத்தில்தான் மிஷ்கினைக் கண்டுகொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் பல வருடங்கள் கைதி முகாமில் கிடந்தவர் என்று பிறகு தெரிந்ததாம். இதைப் படித்ததிலிருந்து எனக்கு அவருடைய எந்தப் படத்தைப் பார்த்தாலும் அவர் நிற்கும் விதத்தின் மீதே கண் போகிறது.

இயக்குநர் கோசின்த்சேவின் 'ஹாம்லெட்' (1964) படத்தைப் பாருங்கள். 'இருப்பதா, இறப்பதா' என்ற அந்தப் புகழ்பெற்ற வசனத்துக்கு இவர் வாயே அசையாது. பாறைகள் நிறைந்த கடற்கரையில் நடந்துகொண்டிருப்பார். குரல் மட்டும் மனதுக்குள்ளிருந்து கேட்கும். வேறு யாராக இருந்தாலும் கையை வீசி முழங்கியிருப்பார்கள். இந்தப் படத்துக்காக அடுத்த வருடம் லெனின் பரிசு கிடைத்தது.

1966-இல் இயக்குநர் ரியாசானவ் இவரை நகைச்சுவைக்குக் கொண்டுவந்தார். படத்தின் பெயர் 'காரைக் காத்துக்கொள்ளுங்கள்'. குறுக்கு வழியில் சம்பாதித்தவர்களின் கார்களை மட்டும் திருடி விற்று, பணத்தை அனாதை இல்லங்களுக்கு அனுப்பும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேடம். அந்த ஏஜென்ட் ஓர் அமெச்சூர் நாடகக் குழுவில் ஹாம்லெட்டாக நடிப்பார்! சிரிக்கச் சிரிக்க, அந்த ஆளின் வெகுளித்தனம் மனதை என்னவோ செய்யும்.

செய்ததையே திரும்பச் செய்கிற ஆளும் இல்லை. புஷ்கின் எழுதிய நாடகக் கதையில் 1962-இல் இசைமேதை மோட்சார்ட்டாக நடித்தவர், 1979-இல் அதே கதையில் மோட்சார்ட்டைக் கொல்லும் இசையமைப்பாளர் சாலியெரியாக வந்தார். இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'கண்ணாடி' படத்தில் முகம் காட்டாமல் குரல் மட்டும் கொடுத்தார். கடைசிக் காலம் மாஸ்கோ கலை அரங்கில், 1994-இல் காலமானார்.

முதலில் எதைப் பார்ப்பது என்றால், அந்த கார் படத்தையே சொல்வேன். அது பிடித்துப்போனால் அடுத்த வாரமே 'ஹாம்லெட்' போடுங்கள். இரண்டிலும் ஒரே ஆள்தான் நடித்திருக்கிறார் என்று நம்பவே கொஞ்ச நேரம் ஆகும்.