அந்த நாலாயிரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்

கேள்வி: சுயநிதிக் கல்லூரியில் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு என் ஆய்வுத் தலைப்பு. எந்த டேட்டாபேஸில் தேட வேண்டும்? 50 ஸ்கோபஸ் கட்டுரைகள் எடுத்துத் தர ஒருவர் 4,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஸ்கோபஸில் முழுக் கட்டுரையே கிடையாது. தலைப்பு, சுருக்கம், யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கு, அவ்வளவுதான். அவர் அனுப்பப்போவது பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கிற பிடிஎஃப்கள். அடுத்த வாரம், “யுஜிசி கேர் ஜர்னலில் போட்டுத் தருகிறேன்” என்பார். தரமான இதழ்கள் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வைத்திருந்த பட்டியல் அது. அதை யுஜிசியே 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. புரோக்கர்கள்தான் இன்னும் விடவில்லை.

உங்கள் தலைப்புக்கு பப்மெட்டில் தொடங்குங்கள். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம் அது, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது. காசும் வேண்டாம், லாகினும் வேண்டாம். முகப்பில் கீழே ‘மெஷ் டேட்டாபேஸ்’ இருக்கும். கட்டுரைகளுக்குப் பொருள்வாரியாகப் போடும் நிலையான தலைப்புகளின் பட்டியல்தான் மெஷ். அதில் ‘டயபெடிக் ஃபுட்’ என ஆங்கிலத்தில் அடித்து, வரும் பக்கத்தில் ‘நர்சிங்’ கட்டத்தில் டிக் போட்டுத் தேடுங்கள். முடிவுகளின் இடப்பக்கம் ‘ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்’டைத் தொட்டால் முழுதாகப் படிக்கக் கிடைப்பவை மட்டும் நிற்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, கவனியுங்கள். மெஷ் தலைப்பு எல்லாக் கட்டுரைக்கும் போடப்படுவதில்லை. பப்மெட்டுக்குள் இருக்கும் தேர்ந்தெடுத்த இதழ்களின் தொகுப்பான மெட்லைனில் சேர்ந்த இதழ்களுக்குத்தான். நம்மூர் இதழ்கள் பல பப்மெட் சென்ட்ரல் என்ற இலவச முழுக்கட்டுரைக் களஞ்சியம் வழியாக உள்ளே வருகின்றன. அவற்றில் அந்த முத்திரை இருக்காது. மெஷ்ஷை மட்டும் நம்பினால் உங்களுக்கு மிகவும் தேவையான இந்திய ஆய்வுகளே கண்ணில் படாது. வைவாவில் முதல் கேள்வியே “இந்திய ஸ்டடி எங்கேம்மா?” என்பதாகத்தான் இருக்கும். அதனால் சாதாரணத் தேடல் பெட்டியிலும் ‘டயபெடிக் ஃபுட் கேர் இந்தியா’ என இன்னொரு முறை தேடிவிடுங்கள்.

செவிலியத்துக்கென்றே சினால் (CINAHL) என்ற டேட்டாபேஸ் இருக்கிறது. சந்தா கட்ட வேண்டும். கல்லூரி நூலகரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் இருக்கிறதே என்பீர்கள். மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், ஏறத்தாழ 13,000 இதழ்கள். ஆனால் முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. நாடு ஒன்றுதான், சுயநிதிக் கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் ஏனோ வேறு நாடு!

சரி, பூட்டியிருக்கும் கட்டுரைக்கு என்ன வழி? பப்மெட்டில் ‘அஃபிலியேஷன்ஸ்’ என்பதைத் திறந்தால் பல கட்டுரைகளில் ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். பணிவாக இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். பலர் தாங்களே அனுப்பிவைப்பார்கள்.