நைட் ரைடர் கார் மாடல்: பழைய பெட்டியா, புதுசா?

கேள்வி: ‘நைட் ரைடர்’ டிவி தொடரில் பேசுமே, அந்தக் கறுப்பு காரைப் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி மாடலாகக் கட்ட ஆசை. இதுவரை எந்த மாடலும் கட்டியதில்லை. ஒருவரிடம் 1980களில் வந்த, சீல் பிரிக்காத பழைய மாடல் பெட்டி இருக்கிறது. ஜப்பானின் ஆவோஷிமா நிறுவனத் தயாரிப்பும் புதிதாகக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்? முன்பக்கச் சிவப்பு விளக்கு இடமும் வலமுமாக ஓடுமா?

பதில்: கட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் பழைய பெட்டி வேண்டாம். சீல் பிரிக்காததற்குத்தான் அங்கே விலை, பிரித்த அடுத்த நிமிடம் அந்த விலை போய்விடும். அதோடு சீல் இருக்கிறவரை உள்ளே என்ன நிலைமை என்றும் பார்க்க முடியாது. இத்தனை வருடம் கிடந்த டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்) பெரும்பாலும் மஞ்சளித்திருக்கும், தண்ணீரில் நனைத்ததும் துண்டு துண்டாக உடையும். டயர்கள் மென்மையான வினைல், அவை கண்ணாடிக்குப் பதிலாக வரும் தெளிவான பிளாஸ்டிக் பாகத்தின்மேல் பல வருடம் படிந்து கிடந்தால் பட்ட இடத்தில் பிளாஸ்டிக் இளகி, டயர் தடம் அப்படியே பதிந்துவிடும். அதைத் தேய்த்து எடுப்பது முதல் மாடல் கட்டுகிறவருக்கு வேண்டாத வேலை.

ஆவோஷிமா மாடல் அசல் காரில் 1/24 அளவு, அமெரிக்க எம்.பி.சி. நிறுவனத்தின் மாடல் 1/25. அசல் பான்டியாக் ஃபயர்பேர்ட் டிரான்ஸ் ஆம் சுமார் 4.8 மீட்டர் நீளம், அதனால் முன்னது 20 செ.மீ., பின்னது 19 செ.மீ. அளவுக்கு வரும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் ஒன்றின் பாகத்தை மற்றதில் போட முடியாது. அப்புறம், ஆவோஷிமாவில் சீசன் வாரியாகத் தனித்தனிப் பெட்டிகள் உண்டு. முதல் இரண்டு சீசன்களில் டேஷ்போர்டில் இரண்டு திரைகள், மூன்றாவதிலிருந்து ஒன்றுதான். உங்கள் நினைவில் இருக்கிற கார் எது என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள்.

விளக்கு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டி மேல் இருக்கிற படத்தில் சிவப்பு ஒளி பளபளக்கும், ஆனால் அந்த எல்.இ.டி. யூனிட்டைத் தனியாக வாங்க வேண்டியிருக்கலாம். “உள்ளே என்னென்ன இருக்கிறது” என்ற பட்டியலைப் படியுங்கள், யூனிட் எந்தப் பதிப்புக்குப் பொருந்தும் என்றும் விற்பவரிடம் கேளுங்கள். விளக்கு வேண்டுமா வேண்டாமா என்பதைப் பசை தொடுவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும், ஏனென்றால் ஒயர் போகும் வழியை மூடிவிட்டால் பிறகு உடைத்துத்தான் திறக்க வேண்டும். பாடியின் உட்புறத்துக்கும் ஒரு கோட் கறுப்பு அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் விளக்கு எரியும்போது மெல்லிய பிளாஸ்டிக் வழியாக மூக்குப் பகுதி முழுக்கச் சிவந்து தெரியும்.

கேள்வி: பாகங்களே கறுப்பு பிளாஸ்டிக்கில் வந்தால் பெயின்ட் செலவு மிச்சம்தானே?

பதில்: மிச்சம்தான், ஆனால் பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். இந்தக் காருக்கு அழகே அந்தப் பளபளப்புக் கறுப்புதான், தூசி, விரல்ரேகை, கீறல் என்று எல்லாவற்றையும் காட்டிக்கொடுப்பதும் அதே கறுப்புதான். பாத்திரம் கழுவும் சோப்பில் பாகங்களைக் கழுவிக் காயவைத்து, முதலில் ப்ரைமர் (பெயின்ட் பிடிக்க அடிக்கும் அடிப்பூச்சு), பிறகு கறுப்பு, மேலே கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) என்று மெல்லிய கோட்டுகளாக அடியுங்கள். மூன்றையும் ஒரே வகைப் பெயின்டில் வாங்குவது நல்லது, எனாமல், லேக்கர் என்று வகைகள் உண்டு. எனாமல் மேல் லேக்கர் ஸ்பிரே அடித்தால் பெயின்ட் சுருங்கிக்கொண்டு எழும்பிவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சூப்பர் குளூவைக் கண்ணாடிப் பாகங்களுக்குப் பயன்படுத்தாதீர்கள், அதன் ஆவி பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும். காய்ந்ததும் நிறமில்லாமல் போகிற வெள்ளைப் பசை போதும். பாகங்களை வெட்டியெடுக்கக் கூர்மையான நிப்பர் (சின்ன வெட்டுக் குறடு), கத்தி, நைஸ் உப்புத்தாள் இதற்கெல்லாம் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் ஏர்பிரஷ் இப்போதைக்கு வேண்டாம், ஸ்பிரே கேனே தாராளம்.