பெரிய வெற்றி பெற்ற ஆல்பத்துக்கு அடுத்து வந்து, சுமார் என்று ஒதுக்கப்பட்டவற்றில் உங்களுக்குப் பிடித்தது எது?

கிதார் கலைஞர் கேரி மூரின் 'ஆஃப்டர் அவர்ஸ்' (1992). குறையில்லாத ஆல்பம் என்று வாதாட மாட்டேன். பதினொரு பாடல்களில் நான்கைந்தை நானே தாண்டிப் போய்விடுவேன். ஆனால் மீதியில் இரண்டு, அவர் வாசித்தவற்றிலேயே உச்சம் என்பது என் உறுதியான கருத்து.

பெல்ஃபாஸ்டில் பிறந்தவர், பதினாறு வயதிலேயே டப்ளினுக்குப் போய் ஸ்கிட் ரோ குழுவில் சேர்ந்தார். பிறகு தின் லிஸ்ஸி, எண்பதுகளில் ஹார்டு ராக். அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, சிறுவயதில் தன்னைக் கிதார் எடுக்கவைத்த ப்ளூஸுக்கு, அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசைக்கு, 1990-இல் திரும்பினார். 'ஸ்டில் காட் தி ப்ளூஸ்' என்ற அந்த வெற்றி ஆல்பம் அப்படி வந்ததுதான். ஆல்பர்ட் கிங், ஆல்பர்ட் காலின்ஸ், ஜார்ஜ் ஹாரிசன் என்று பெரிய கிதார் கலைஞர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஆனால் ஊரெங்கும் ஒலித்தது தலைப்புப் பாடல்தான். ப்ளூஸ் பாடல்கள் பெரும்பாலும் மூன்று கார்டுகளையே (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளையே) சுற்றிவரும். இதுவோ டி மைனரில் தொடங்கி ஜி, சி, எஃப் என்று படிப்படியாக நகர்ந்து ஏ மைனரில் வந்து அமர்கிறது. ப்ளூஸ் பழக்கமில்லாத காதையும் அந்த நகர்வு இழுத்துக்கொள்ளும்.

அடுத்த ஆல்பமான 'ஆஃப்டர் அவர்ஸ்' சந்திக்கும் சிக்கலும் அதிலேதான் இருக்கிறது. 'ஸ்டோரி ஆஃப் தி ப்ளூஸ்' அதே மெதுநடை, அதே ஏக்கம்; கேட்கும்போதே முந்தைய பாடல் நினைவுக்கு வந்து இதைச் சிறிதாக்கிவிடுகிறது. 'செபரேட் வேஸ்' மென்மையாக வந்து தடம் பதிக்காமல் போய்விடுகிறது. ஆல்பர்ட் காலின்ஸ் வரும் 'தி ப்ளூஸ் இஸ் ஆல்ரைட்' மேடைக்கு ஏற்ற கொண்டாட்டம். வீட்டில் உட்கார்ந்து கேட்டால் அவ்வளவாக ஒட்டவில்லை. இத்தனைக்கும் விற்பனையில் இந்த ஆல்பம் தோற்கவில்லை. பிரிட்டன் தரவரிசையில் நான்காம் இடம் வரை போனது, முந்தையதைவிட மேலே.

பி.பி. கிங்குடன் பாடிய 'சின்ஸ் ஐ மெட் யூ பேபி' நல்ல குதூகலம். அதை விட்டுவிடாதீர்கள்.

நான் சொல்லவந்தது 'ஜம்ப்பின் அட் ஷேடோஸ்' பற்றி. டஸ்டர் பென்னட் எழுதி, கிதார் கலைஞர் பீட்டர் கிரீன் ஃப்ளீட்வுட் மேக் குழுவில் இருந்த காலத்தில் மேடையில் பாடிய பாடல். மூரின் விரல் வேகம் பேர்போனது. ஒரு நொடி இடைவெளி கிடைத்தாலும் ஸ்வரங்களைக் கொட்டி நிரப்பிவிடுவார் என்று அவர்மீது பழைய புகார் உண்டு. இங்கே ஒரு வரி பாடுகிறார், கிதாரில் நாலைந்து ஸ்வரங்களில் பதில் சொல்கிறார், நிறுத்திவிடுகிறார். அந்த மௌனத்தை அவர் நிரப்ப முயலவே இல்லை. வாழ்க்கை கைநழுவிப் போவதைச் சொல்லும் பாடலுக்கு இதைவிடப் பொருத்தமான வாசிப்பு வேறில்லை. கடைசிப் பாடலான 'நத்திங்ஸ் த சேம்' இன்னும் அடங்கிய குரலில் வருகிறது. மாபெரும் வெற்றிக்குப் பின், எல்லோரும் அலறும் கிதாரை எதிர்பார்த்துக் காத்திருந்த வேளையில், இவ்வளவு அடக்கி வாசிக்க எத்தனை துணிச்சல் வேண்டும்!

இந்த இரண்டும் உங்களுக்குப் பிடித்துவிட்டால், அடுத்து 1995-இல் வந்த 'ப்ளூஸ் ஃபார் கிரீனி' கேளுங்கள். பீட்டர் கிரீனிடமிருந்தே வாங்கிய 1959 லெஸ் பால் கிதாரில், பெரும்பாலும் அவருடைய பாடல்களையே வாசித்திருக்கிறார். அந்த நிதானம் அதில் ஆல்பம் முழுக்க இருக்கிறது.