நான்கு மாதத்தில் சினையான முயல்

கேள்வி: இரண்டும் பெண் என்று சொல்லித்தான் அந்த முயல்களைக் கொடுத்தார்கள். ஒரே கூண்டில் வளர்த்தோம். ஒன்று ஆண் என்பது மற்றது குட்டி போட்ட அன்றுதான் தெரிந்தது. தாய்க்கு ஐந்து மாதம்கூட முடியவில்லை. ஐந்து குட்டிகளில் இரண்டுதான் பிழைத்தன. இதன் பாதிப்பு அதற்கு ஆயுள் முழுக்க இருக்குமா?

மருத்துவர் பதில்: ஆண் முயல் இன்னும் அதே கூண்டில் இருக்கிறதா? அப்படியானால் முதலில் அதைப் பிரித்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். குட்டி ஈன்ற சில மணி நேரத்திலேயே பெண் முயல் மறுபடி சினையாகிவிடும். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள்தான். பேறான அன்றே சேர்ந்திருந்தால், இந்தக் குட்டிகள் பால் மறப்பதற்குள் அடுத்த ஈற்று வந்துவிடும். சுமார் 12 நாள் கழித்து மருத்துவரிடம் காட்டினால் வயிற்றைத் தடவியே சொல்லிவிடுவார். நீங்கள் அழுத்திப் பார்க்க வேண்டாம்.

வளர்ந்து முடியாத இடுப்பெலும்பில் குட்டி சிக்கிக்கொள்வதுதான் இள வயதுப் பேற்றின் பெரிய ஆபத்து. அதை உங்கள் முயல் தாண்டிவிட்டது. கருப்பையில் காயமோ தங்கிப்போன குட்டியோ இல்லையென்றால், இந்த ஒரு பேறு ஆயுளுக்கும் தொடரும் பாதிப்பைத் தருவது அரிது. தன் எலும்புக்குச் சேர வேண்டிய சுண்ணாம்புச் சத்தை இப்போது பாலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே உலர்புல் எந்நேரமும் இருக்கட்டும், பாலூட்டும் வரை சுண்ணாம்புச் சத்து மிகுந்த குதிரைமசால் தீவனமும் சேருங்கள். பிறகு மசாலை நிறுத்திவிடுங்கள், மிஞ்சும் சுண்ணாம்பு சிறுநீர்ப்பையில் மண்டும். நாற்றமடிக்கும் கசிவு, சிவந்து சூடான மடி, அரை நாள் தீனி தொடாமை: இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

தாய் குட்டிகளின் பக்கமே போவதில்லை என்று பயப்படாதீர்கள். நாளைக்கு ஓரிரு முறை, சில நிமிடமே பால் கொடுக்கும். குட்டியின் வயிறு உருண்டு விம்மியிருந்தால் குடித்திருக்கிறது. தோல் சுருங்கிக் கிடந்தால் குடிக்கவில்லை.

ஆயுள் முழுக்க என்று கேட்டீர்கள். அந்தக் கவலையைக் கருப்பைப் பக்கம் திருப்புங்கள். கருப்பை அகற்றப்படாத பெண் முயல்களுக்கு மூன்று, நான்கு வயதுக்கு மேல் அங்கே புற்றுநோய் வருவது மிகச் சாதாரணம். அது நுரையீரலுக்கும் பரவும். ஒருமுறை குட்டி போட்டால் வராது என்பார்கள். தவறு. ஈன்றாலும் ஈனாவிட்டாலும் வாய்ப்பு ஒன்றுதான். குட்டிகள் எட்டு வாரத்தில் பால் மறந்து, மடி வற்றியதும் அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள். சிறுநீர் சிவந்து போனால் அது இந்தப் புற்றின் இரத்தமாகவும் இருக்கலாம். தீனியின் நிறமியாலும் சிறுநீர் சிவக்கும் என்றாலும், இரத்தமா நிறமியா என்று நீங்களே முடிவுகட்டாமல் பரிசோதித்துவிடுங்கள்.

ஆணுக்கு விதைநீக்கம் செய்தாலும் ஆறு வாரம் தனியாகவே வையுங்கள். அதுவரை விந்தணு எஞ்சியிருக்கும். அந்த இரண்டு குட்டிகளையும் பத்து வாரத்துக்குள் மருத்துவரிடம் கொண்டுபோய், ஆணா பெண்ணா என்று பார்த்துப் பிரித்துவிடுங்கள். இந்தத் தடவை யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.