கைதட்டுகிறார்கள், வேலை நகரவில்லையே?

கேள்வி: 12 பேர் கொண்ட விற்பனைக் குழுவை நடத்துகிறேன். வாரத் தொடக்கத்தில் பத்து நிமிடம் ஊக்கமாகப் பேசுவேன். நன்றாகக் கைதட்டுகிறார்கள், மறுநாளே பழைய கதைதான். சொற்களை மாற்றினால் பலன் இருக்குமா?

பதில்: நிச்சயம் இருக்கும். ஆனால் 'சிகரம்', 'வெறி' என்று கனமான சொற்களைத் தேடிப் போகாதீர்கள். வாக்கியம் எப்படி முடிகிறது என்று பாருங்கள்.

'உழைத்தே ஆக வேண்டும்', 'இனி சாக்கு சொல்லக் கூடாது.' இதில் கேட்பவர் முடிவெடுக்க என்ன மிச்சம் இருக்கிறது? தன் சுதந்திரத்தில் யாராவது கைவைத்தால் மனம் முரண்டு பிடிக்கும் என்று உளவியலாளர் ஜாக் பிரெம் 1966-லேயே விளக்கியிருக்கிறார். 'இதில் எதை முதலில் எடுக்கலாம், நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, பலரும் தெரியாமல் செய்யும் தவறு. 'உங்களில் பாதிப் பேர் வாடிக்கையாளரைத் திரும்ப அழைப்பதே இல்லை' என்று கண்டிக்கிறீர்கள். 'ஓ, எல்லாரும் இப்படித்தானா' என்றுதான் அது காதில் விழும். அமெரிக்காவின் அரிசோனாவில், கல்லாய் மாறிய மரத்துண்டுகள் நிறைந்த தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் அங்கே அடையாளமிட்ட துண்டுகளைப் பாதையோரம் போட்டுச் சோதித்தார்கள். 'முன்பு வந்த பலர் எடுத்துப் போனதால் பூங்காவே மாறிவிட்டது' என்ற பலகை இருந்தபோது சுமார் 8 சதவீதத் துண்டுகள் களவு போயின. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்றபோது 2 சதவீதத்துக்கும் குறைவு! அதனால் தவறியவர்களின் எண்ணிக்கையை மேடையில் சொல்லாதீர்கள். திரும்ப அழைத்ததால் கிடைத்த ஒரு ஆர்டரின் கதையைச் சொல்லுங்கள், அது உண்மையாக இருக்கட்டும்.

'நாங்கள் வைத்த இலக்கு' என்றால் குழு வெளியே நிற்கும். 'நாம்' என்றால் உள்ளே வரும். இந்த வசதி தமிழில் இருக்கிறது, பயன்படுத்துங்கள். ஆனால் 'நாம் உழைப்போம்' என்று சொல்லிவிட்டு நீங்கள் அறைக்குள் போய்விட்டால், அடுத்த வாரம் அந்தச் சொல் செல்லாது.

சரி, எப்படி முடிப்பது? 'இந்த வாரம் பின்னி எடுப்போம்' என்பதில் செய்வதற்கு எதுவும் இல்லை. 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொண்டால் எண்ணம் செயலாகும் வாய்ப்பு கூடும் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டுகின்றன. 'காலையில் இருக்கையில் உட்கார்ந்ததும், நேற்று பேச்சு பாதியில் நின்ற ஒரு வாடிக்கையாளரை முதலில் அழைப்பேன்.' இப்படி ஒரு வரியை ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்லட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். 12 பேருக்கும் சேர்த்து மூன்று நிமிடம் போதும். அன்றைக்குக் கைதட்டல் குறையலாம், பதறாதீர்கள். அடுத்த வாரம் புதிதாக எதையும் பேசும் முன், அந்த வரி என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.