வெயிலில் பூப்பவை: வாசகர் கேள்வி – பதில்

காலை நடையில் கண்ட பூக்களைப் பற்றி எழுதுமாறு சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள், பலருக்கும் பொதுவான ஐயங்களைக் கொண்ட சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் தங்கை ஒவ்வோர் ஆண்டும் செர்ரிப் பூக்களின் படங்களை அனுப்புகிறாள். "அங்கே உங்களுக்கு வசந்தமே இல்லையே அக்கா" என்றும் எழுதுகிறாள். புழுதியும் வெயிலுமாகக் கிடக்கும் எங்கள் ஊரில் வசந்தம் என்று எதைச் சொல்வது?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கைக்கு மறுமொழி எழுதுமுன், நாளை காலை ஆறு மணிக்கு உங்கள் ஒழுங்கையில் தொடங்கிக் குளக்கட்டு வரை ஒருமுறை மெதுவாக நடந்து பாருங்கள். வேலியோரம் இலையெல்லாம் உதிர்த்த சீமைக்கிளுவைக் கதியால்களில் பங்குனியின் இளஞ்சிவப்புப் பூக்கள் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். முள்முருக்கு நிற்கும் வளவு என்றால், அதன் செம்பூக்களில் தேன் குடிக்க மைனாக்களும் தேன்சிட்டுகளும் சண்டையிடும் ஒலி, மரம் கண்ணில் படுமுன்னரே காதில் விழும். வேம்பு வெண்பொடி தூவியதுபோல் நிற்கும். கொன்றை சரஞ்சரமாக இறங்கியிருக்கும்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தபோது சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். வேனில் என்ற சொல்லே வெப்பத்தைக் குறிப்பது. குளிர்நாட்டு மரங்களுக்கு வசந்தம் என்பது குளிர் விலகும் காலம். நம் மரங்களுக்கோ அது வெயில் ஏறும் காலம். தங்கை வாழும் நாட்டில் பனிக்காலத்துப் பகலுக்கும் கோடைப் பகலுக்கும் பல மணி நேர வேறுபாடு உண்டு. வட அகலக்கோடு 9 பாகையை ஒட்டிக் கிடக்கும் வன்னியிலோ, ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரந்தான் வேறுபாடு. ஆகவே இங்குள்ள மரத்துக்குக் காலத்தை உணர்த்துவது பெரும்பாலும் ஈரமும் அதன் குறைவுமே.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழைதான் நமக்குப் பெருமழை. அதை நம்பி விதைத்த காலபோக நெல்லை மாசியளவில் அறுத்து முடிக்கிறோம். அதன்பின் நிலம் காயத் தொடங்குகிறது. அப்போது கொன்றை, முருக்கு போன்றவை இலைகளைக் கொட்டிவிடுகின்றன. இலைவழியே போகும் நீர் நின்றுவிடுவதால், ஆழத்து வேர் இழுத்துவரும் ஈரம் தண்டிலும் கிளையிலும் தேங்கி, மொட்டுகளுக்குப் போய்ச் சேர்கிறது. வயல் வெறுமையாகக் கிடக்கும் அந்த இடைவெளியில், கோடைப் பயிரான சிறுபோகத்துக்குக் குளத்தின் துருசு (மதகு) திறக்குமுன், மரங்கள் பூத்துவிடுகின்றன. நாம் வறட்சி என்று முகம் சுளிக்கும் அதே காய்ச்சல்தான் இந்தப் பூக்களைக் கொண்டுவருகிறது. இதைத் தங்கைக்கு எழுதுங்கள். ஒரு கொன்றைப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

காட்டுக்குள் இது இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. பாலையும் வீரையும் கருங்காலியும் ஆண்டு முழுவதும் பசுமையாகவே நிற்பவை. அவற்றின் பூக்களும் சிறியவை. வன்னியின் இளவேனிலை முதலில் காண வேண்டிய இடம் வீதியோரமும் வேலியும் குளக்கரையுமே.

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் ஆட்கள் திரும்பி வராத வளவு ஒன்று உண்டு. வீடு இல்லை, ஆனால் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பட்டிப்பூவும் இன்றும் பூக்கின்றன. கோயிலுக்குப் பூப் பறிக்க அங்கே போகலாமா? மனம் ஒப்பவில்லை.
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் உண்டு. அந்த மூன்று செடிகளும் ஒரே விதமாக அங்கே வந்தவை அல்ல. பட்டிப்பூ தன் விதையிலேயே தானாகப் பரவும். யாரும் நீர் ஊற்றாத மணலிலும் முளைக்கும். செவ்வரத்தை அப்படியன்று. நம் வளவுகளில் நிற்கும் செவ்வரத்தை பெரும்பாலும் தடி வெட்டி ஊன்றியது. நந்தியாவட்டையும் அவ்வாறே. ஆகவே நீங்கள் காணும் செவ்வரத்தை, ஒருவர் அயலவரிடம் தடி கேட்டு வாங்கி வந்து, கிணற்றடியிலோ அடுப்படி நீர் போகும் வழியிலோ ஊன்றி வளர்த்த ஒன்று. அது நிற்கும் இடமே அந்த வீட்டின் வரைபடத்தில் எஞ்சிய ஒரு புள்ளி.

இதை நான் ஊகித்து எழுதவில்லை. 2009இல் இடம்பெயர்ந்து, மறு ஆண்டு எங்கள் வளவுக்குத் திரும்பியபோது, சுவரோ கூரையோ இருக்கவில்லை. எல்லைக் கதியால்கள்கூட இல்லை. ஆளுயரப் பற்றைக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது. அம்மா நேராக அதனிடம் போனார். "இது கிணற்றடிச் செவ்வரத்தை. அப்படியென்றால் அடுப்படி இந்தப் பக்கம்" என்று காலடியால் அளந்து காட்டினார். நாங்கள் மீண்டும் வீடு கட்டியபோது அடுப்படி அதே இடத்தில்தான் அமைந்தது. ஆகவே ஆளில்லா வளவில் பூக்கும் செவ்வரத்தையைக் கடந்து போகும்போதெல்லாம் நான் சற்று நின்றுதான் போகிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இது. வேலியோரம் கைக்கு எட்டும் பூவைக் கோயிலுக்குப் பறிக்கலாம். செவ்வரத்தை ஒரே நாளில் வாடுவது, பறிக்காவிட்டாலும் மாலையில் சுருண்டுவிடும். ஆனால் செடியை வேரோடு எடுக்கவோ அந்த இடத்தைத் துப்புரவாக்கவோ வேண்டாம். உரியவர்களின் உறவினர் எவராவது அயலில் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பறியுங்கள். ஒரு தடியை மட்டும் எடுத்து உங்கள் வளவில் ஊன்றி வையுங்கள். அவர்கள் என்றேனும் வந்து, அதற்குள் தாய்ச்செடி பட்டுப்போயிருந்தால், அவர்களுக்குக் கொடுக்க ஒன்று இருக்கும். பற்றைக்குள் இறங்க வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். பாம்பு மட்டுமன்று, கட்டு இடிந்து இலைகுழையால் மூடிக்கிடக்கும் கிணறுகளும் உண்டு. சந்தேகத்துக்குரிய இரும்புப் பொருள் எதையேனும் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து அறிவியுங்கள்.

கேள்வி: இந்தச் சித்திரையில் எங்கு தேடியும் கார்த்திகைப்பூவைக் காணவில்லை. அழிந்துவருகிறதா?
– மாணவர், முள்ளியவளை

பதில்: இல்லை, உறங்குகிறது. அது மழையோடு முளைத்து, கார்த்திகையை ஒட்டிப் பூத்து, நிலம் காயும்போது கொடி மடிந்து, மண்ணுக்கடியில் கிழங்காக மட்டும் இருக்கும். அடுத்த மழைவரை பொறுத்திருங்கள். கிழங்கைத் தோண்டிப் பார்க்க வேண்டாம். செடி முழுவதும் நஞ்சு, கிழங்கு கடும் நஞ்சு.

கேள்வி: விடியற்காலையில் நடக்கும்போது கோயிலடி மரத்தின் கீழ் வெளிறிய மஞ்சளில் தடித்த, இனிப்பான பூக்கள் கொட்டிக்கிடக்கின்றன. மரத்தை அண்ணாந்து பார்த்தால் பூவே இல்லை. அது என்ன மரம்? கொன்றையில் எப்போதும் கருவண்டு இரைவது ஏன் என்றும் அறிய விரும்புகிறேன்.
– வாசகர், மன்னார் மாவட்டம்

பதில்: இலுப்பை. உங்கள் மாவட்டத்து இலுப்பைக்கடவை பெயரிலேயே அதைச் சுமந்து நிற்கிறது. வவுனியாப் பக்கம் பூவரசங்குளமும் நொச்சிமோட்டையும் இருப்பதுபோல. இலுப்பையின் பூ இரவில் விரிவது. வௌவால்கள் இனிப்பான இதழ்க்குழலைத் தேடி வரும்போது மகரந்தம் பரவுகிறது. விடியுமுன் அந்தக் குழல் கழன்று விழுந்துவிடுகிறது. ஆகவே நீங்கள் காண்பது முந்திய இரவு நடந்ததன் எச்சம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்ற பழமொழி பிறந்தது இந்த இனிப்பினாற்றான். பின்னர் காய்த்துப் பழுக்கும் விதையிலிருந்து கோயில் விளக்குக்குரிய எண்ணெய் வருகிறது. கோயிலடிகளில் இந்த மரத்தை வைத்து வளர்த்தவர்களின் எண்ணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

கொன்றையில் தேன் கிடையாது. வண்டுக்கு அது கொடுப்பது மகரந்தம் மட்டுமே. அதுவும் எளிதில் உதிராது. கருவண்டு மகரந்தப்பையைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்துப் பொடியை உதிர்க்கிறது. நீங்கள் கேட்கும் இரைச்சல் அந்த வேலையின் ஒலி. பூவைக் கிட்ட நின்று பார்த்தால், பத்துக் கேசரங்களுள் மூன்று மட்டும் நீண்டு வளைந்திருப்பதைக் காணலாம். வண்டின் உடலில் அடுத்த பூவுக்கான மகரந்தத்தைத் தடவிவிடுபவை அவை. இனி நடக்கும்போது ஒரு கொன்றையின் கீழ் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் காட்டோரக் குளக்கட்டுகளில் நன்றாக விடிந்த பின்னரே நடங்கள். விடியற்காலை இருட்டுத்தான் யானைகள் நீருக்கு வந்து திரும்பும் நேரம்.

கேள்வி: முற்றத்து வேம்பு பூத்துக் கொட்டுகிறது. கூட்டி அள்ளி எரிப்பது பாவமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, மாங்குளம்

பதில்: எரிக்க வேண்டாம். மரத்தின் கீழ் மாலையில் பழைய பனையோலைப் பாயை விரித்து விடுங்கள். காலையில் மண் படாத பூ கிடைக்கும். காம்பும் சருகும் நீங்கப் புடைத்து, சுளகில் பரப்பி, மூன்று நாள் வெயிலில் காயவிட்டுப் போத்தலில் அடைத்தால் ஆண்டு முழுவதும் இருக்கும். வடகத்துக்கு, ஊறவைத்துக் கெட்டியாக அரைத்த உழுந்தோடு வேப்பம்பூ, செத்தல் மிளகாய், அரிந்த வெங்காயம், பெருஞ்சீரகம், உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, சிறு வட்டங்களாகத் தட்டிக் காயவைத்துப் பொரிக்க வேண்டும். உழுந்து குறைந்தால் வடகம் உதிர்ந்துவிடும். கூடினால் பூவின் கைப்புத் தெரியாது. சித்திரை மாதத்தில் பிற்பகல் மழை திடீரென்று வரும். வடக்கே இடி கேட்டால் முதலில் சுளகை உள்ளே எடுத்துவிடுங்கள். ஒருமுறை நனைந்த வேப்பம்பூ பூஞ்சணம் பிடித்துவிடும்.