ரயில் பாதை வந்தால் ஒரு ஊர் தானாக வளர்ந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

மனை வாங்கப் போகிறீர்கள் போலிருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம் புதுப் பாதை அறிவித்திருக்கிறார்கள், பத்து வருஷத்தில் ஊர் எங்கேயோ போய்விடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், வரலாற்றில் அப்படி நடந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு புரோக்கர் நிற்பார். தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னித்துவிடுங்கள்.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து அதற்கு மேல் இரண்டு படி ஏறி ஓய்வு பெற்றவன். ஆனால் ரயிலால் உண்டான இடத்தில் பிறந்தேன், ரயிலால் மங்கிப்போன ஊர் எனக்குப் பூர்வீகம். அந்த ஒரு தகுதியில் எழுதுகிறேன்.

பூர்வீகம் நாகப்பட்டினம். இன்றைக்கு நாகை என்றால் சுனாமி, நாகூர், வேளாங்கண்ணி, இவ்வளவுதான் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும். காவிரி டெல்டாவில் முதன்முதலில் ரயில் போட்டவர்கள் இந்த ஊரிலிருந்துதான் தொடங்கினார்கள். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1861-இல் நாகையிலிருந்து தஞ்சாவூருக்கும், 1862-இல் அங்கிருந்து திருச்சிக்கும் வண்டி விட்டது. சென்னை ராயபுரத்தில் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது 1856-இல். அதற்கு ஆறே வருஷத்தில் எங்கள் ஊர் கடற்கரைக்கும் திருச்சிக்கும் தண்டவாளம் இருந்தது. காரணம் தஞ்சாவூர் நெல்லும் நாகைத் துறைமுகமும்தான். ஜனங்கள் கஷ்டப்படுகிறார்களே என்று யாரும் போடவில்லை. போட்ட முதலுக்கு 5 சதவீத லாபம் உறுதி, குறைந்தால் இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடு கட்டுவோம் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். (வெள்ளைக்காரனுக்குக் கொடி பிடிக்கிறேன் என்று கீழே எழுத வருபவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படித்துவிட்டு வரவும்.)

அந்தப் பாதை ஆரம்பத்திலேயே அகலப் பாதை. 1875-இல் அதைப் பிடுங்கி மீட்டர் கேஜ் என்ற குறுகலான பாதை ஆக்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து மறுபடி அகலப்படுத்தியபோது, ஏதோ முதல்முறையாக அகலப் பாதையைப் பார்ப்பதுபோல மாலை மரியாதையோடு வரவேற்றோம்.

சரி, ரயில் வந்து நாகை என்ன ஆனது? முதலில் நன்றாகத்தான் இருந்தது. ரயில்வே பட்டறை நாகையிலேயே வந்தது. நெல் போனது, ஆளும் போனார்கள். ஆளும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கூலி அனுப்பும் டிப்போ சென்னைப் பக்கம் ஆவடியில் ஒன்று, நாகையில் ஒன்று. கங்காணி (தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி) கூட்டிவந்த உள்நாட்டுச் சனம் ரயிலில் வந்து இறங்கி, டிப்போவில் காத்திருந்து, பினாங்குக் கப்பல் ஏறியது. மாட்டு வண்டிக் காலத்தில் அத்தனை பேரைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி நடக்கும்? இன்றைக்கு மலேசியாவில் இருக்கும் எத்தனையோ குடும்பங்களின் முதல் பயணம் கப்பலில் தொடங்கவில்லை, எங்கள் ஊருக்கு வந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியில் தொடங்கியது.

ஆனால் அதே தண்டவாளம் நாகையின் தொழிலை மெதுவாக உருவவும் ஆரம்பித்தது. 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் போனது. 1880 வாக்கில் சென்னையிலிருந்து விழுப்புரம், மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) வழியாகத் தஞ்சாவூருக்கு நேர்வழி கிடைத்துவிட்டது. நாகையில் கப்பல் கரைக்கு வராது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கைப் படகில் கொண்டுபோய்த்தான் ஏற்ற வேண்டும். சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டியபின், மூட்டையை ரயிலிலேயே சென்னைக்கு அனுப்புவது சுலபமானால் வியாபாரி எதற்குப் படகுக்காரனிடம் பேரம் பேசுவான்? அதுவரை தஞ்சாவூருக்குக் கடல் என்றால் நாகைதான். ரயில் வந்தபின் தூரத்துத் துறைமுகமும் பக்கத்துத் துறைமுகம் ஆகிவிட்டது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடிக்கு ரயில் போனதும் இலங்கைப் போக்குவரத்து அந்தப் பக்கம் கூடியது. மலாயாக் கப்பல் மட்டும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்து 1980-களின் நடுவில் அதுவும் நின்றது.

இதற்கு நடுவில்தான் எங்கள் வீட்டுக் கதை.

என் தாத்தாவும் அவர் அண்ணனும் நாகைப் பட்டறையில் வேலை பார்த்தார்கள். பெரிய தாத்தா கொல்லுப் பிரிவில் சம்மட்டி பிடித்தவர், தாத்தா ஃபிட்டரிடம் எடுபிடியாகச் சேர்ந்து கற்றுக்கொண்ட பையன். 1920-களில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகை, போத்தனூர் பட்டறைகளை எல்லாம் மூட்டைகட்டி, திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலை என்று ஒரு பாறைக் காட்டில் ஒரே பெரிய பட்டறையாகக் கட்டியது. கூடவே ஆட்குறைப்பு, மூவாயிரம் பேருக்கு மேல். மிச்சமுள்ளவர்கள் தொழில் பரீட்சை எழுத வேண்டும். எழுத என்றால் பேனாவால் இல்லை. தாத்தா சொல்வார்: ஒரு இரும்புத் தகட்டில் ஆறு முக ஓட்டை போட வேண்டும், இன்னொரு துண்டை அதே அளவில் ஆறு முகமாக அரத்தால் ராவ வேண்டும். துண்டை ஓட்டையில் எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் உட்கார வேண்டும். சார்ஜ்மேன் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பாராம். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் போச்சு.

1928 ஜூலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர் தலைவர்கள் சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் எல்லாம் ஜெயிலுக்குப் போனார்கள். பத்து நாள் சொச்சத்தில் போராட்டம் முடிந்துபோனது. தாத்தா பரீட்சை கொடுத்துப் பொன்மலைக்குப் போனார். பெரிய தாத்தா போகவில்லை. “பத்து வருஷம் இரும்பு அடிச்ச கைக்குப் பரிச்சையா” என்றாராம். அம்மா படுத்த படுக்கை, வெளிப்பாளையத்தில் வீட்டின் மேல் கடன், அதுவும் ஒரு காரணம் என்று அப்பா சொல்வார். எது நிஜக் காரணம் என்று அவரோடு போய்விட்டது. தெருவிலேயே உலை போட்டு வண்டிப் பட்டையும் படகு நங்கூரமும் அடித்துப் பிழைத்தார்.

இதற்குப் பின் அண்ணன் தம்பி இரண்டு பேர் வீடும் போன போக்கைப் பார்த்தால், உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

பொன்மலையில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ். ரயில்வே ஆஸ்பத்திரி, ரயில்வே பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை சந்தை. காலையில் பட்டறைச் சங்கு ஊதினால் காலனியே எழுந்திருக்கும். அடுத்த சங்குக்குச் சைக்கிள்கள் ஆர்மரி கேட் பக்கம் ஆறு மாதிரி ஓடும். எங்கள் பாட்டிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது, ஆனால் நிமிஷக் கணக்கு தப்பாது. உலையில் அரிசி போடுவது, பால்காரனைத் திட்டுவது, எல்லாம் சங்கை வைத்துத்தான். (ரயில் மனிதனுக்குச் செய்த பெரிய காரியம் இதுதான் என்பேன். 1906-இல் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று வைக்கும்வரை இந்தியாவின் ரயில்கள் சென்னை நேரத்தை வைத்துத்தான் ஓடின. நாழிகை பார்த்த சனத்தை நிமிஷம் பார்க்க வைத்தது ரயில்தான்.) வருஷத்துக்கு ஒருமுறை பாஸ் போட்டு ராமேஸ்வரம், காசி என்று போய்வந்தார்கள். அப்பாவும் ரயில்வே. நான் வங்கி. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மாதச் சம்பளம் தவறியதில்லை.

பெரிய தாத்தா வீட்டில் தஞ்சாவூரைத் தாண்டிப் போனவர்கள் கிடையாது. ரயிலடிக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடக்கிற தூரம்தான்.

இதை எங்கள் பெருமையாகச் சொல்லவில்லை. சிலர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள், எனக்குத் தெரியும். பொன்மலை சொர்க்கமும் இல்லை. 1946 செப்டம்பர் 5 அன்று அங்கே தொழிலாளிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து பேர் செத்தார்கள். தாத்தா அன்றைக்கு அங்கேதான் இருந்தார், அதைப் பற்றிக் கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். குவார்ட்டர்ஸிலும் மனிதனை அந்தஸ்துவாரியாகத்தான் குடி வைத்தார்கள். அதிகாரிக்குப் பங்களா, எங்களுக்கு ஒட்டுச் சுவர். சாதியை ரயில் ஒழித்தது என்று எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே பெட்டியில் எல்லாரையும் இடித்துக்கொண்டு உட்கார வைத்தது உண்மை. அதே ரயில்வே ஸ்டேஷன்களின் சாப்பாட்டு இடத்தில் 1940-களின் தொடக்கம்வரை பிராமணர்களுக்குத் தனியிடம் இருந்தது, பெரியார் கட்சி சண்டை போட்ட பிறகுதான் போனது.

பஞ்சக் கதையும் இப்படித்தான். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கப்பலில் சென்னைக்கு வந்த தானியம் ரயிலேறி உள்ளூர்களுக்குப் போனது. வாங்க வழியில்லாதவர்கள் ரயில் இருந்த மாவட்டங்களிலேயே செத்தார்கள். ரயில் அரிசியைக் கொண்டுவரும், வாங்கக் காசைக் கொண்டுவராது.

காலனி வாழ்க்கையில் ஒரு கெடுதி உண்டு. தாத்தா ரிட்டயர் ஆனார், சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். அப்பா அவர் பேரில் வாங்கினார், அவரும் ரிட்டயர் ஆனார், மறுபடி சாவி. அறுபது வருஷம் இருந்த இடத்தில் எங்களுக்கென்று ஒரு செங்கல் கிடையாது. என் மகளுக்கு வரன் பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டார் கேட்ட முதல் கேள்வி, “சொந்த ஊர் எது?” திருச்சி என்றால் திருச்சியில் எங்கே என்பார்கள். பொன்மலை என்றால், “அது ரயில்வே எடமில்ல? பூர்வீகத்தைச் சொல்லுங்க.” நாகப்பட்டினம் என்றால், “அங்க யாரு இருக்கா, நெலம் நீச்சு?” இந்த இடத்தில் தரகர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஐயாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஏற்கெனவே கல்யாணம் ஆன பையனின் ஜாதகத்தைக் கொண்டுவந்தார். கேட்டதற்கு, “பழைய கட்டுல கலந்துபோச்சு சார்” என்றார். இன்றைக்குவரை பணம் திரும்பவில்லை. போன் போட்டால் எடுத்தவுடனே இருமுவார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் மனைக்கு வருகிறேன். ஜோலார்பேட்டை, அரக்கோணம், விழுப்புரம் மாதிரி ஜங்ஷன் ஊர்களைத்தான் புரோக்கர் உதாரணம் காட்டுவார். அங்கே வண்டி நின்றது, இன்ஜின் மாற்றினார்கள், தண்ணீர் பிடித்தார்கள், டிரைவரும் கார்டும் கலாசியும் குடும்பத்தோடு குடியிருந்தார்கள், அவர்களுக்குச் சோறும் துணியும் விற்க ஆட்கள் வந்தார்கள். வேலை இருந்தது, ஊர் ஆனது. பொன்மலையும் அப்படித்தான். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜினைப் புதிதாகச் செய்து அனுப்புகிற கை இன்னும் அங்கே இருக்கிறது. இப்போது மின்சார வண்டிக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டாம், இன்ஜின் மாற்ற வேண்டாம், ஒரு நிமிஷம் நின்று போய்விடும். உங்கள் ஊரில் என்ன நிற்கப் போகிறது, எத்தனை பேருக்கு அங்கே வேலை, சரக்கு ஏற்றுவார்களா என்று விசாரியுங்கள். ஊரில் இருக்கிற கடைக்காரர்களிடமும் கேளுங்கள். பக்கத்து நகரம் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டால் சனம் இங்கே துணி எடுக்குமா, அங்கே போய் எடுக்குமா?

“அப்படியானால் ரயிலே வேண்டாமா” என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். வேண்டும் ஐயா. நான் ரயில்வே சோறு தின்று வளர்ந்தவன். தானாக வளரும் என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

போன வருஷம் நாகைக்கு ஒரு துக்கத்துக்குப் போயிருந்தேன். பெரிய தாத்தாவின் பேரன், எனக்கு அண்ணன் முறை, இப்போது வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். விசைப்படகுக்காரர்கள்தான் வாடிக்கை. சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பித்தளைப் பில்லையை எடுத்துக் காட்டினார். பழைய பட்டறையில் பெரிய தாத்தாவுக்குக் கொடுத்த நம்பர் வில்லை. நம்பரில் கடைசி எண் தேய்ந்துபோய் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. வேலையை விட்டவர் இதைத் திருப்பிக் கொடுக்காமலே வைத்துக்கொண்டிருக்கிறார். துணியால் துடைத்து என் கையில் வைத்துவிட்டு, “தம்பி, இத எடுத்துக்கிட்டுப் போனா பொன்மலைல உள்ள விடுவானா?” என்றார்.

“ஆதார் கேப்பான்ணே” என்றேன்.

சிரித்துக்கொண்டே திரும்ப வாங்கி, படத்துக்குப் பின்னால் அதே இடத்தில் வைத்தார். எனக்குத் திருச்சி வண்டிக்கு நேரமாகியிருந்தது. பைக்கில் ஏற்றி ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார். பிளாட்பாரத்துக்குள் வரவில்லை, வெளியிலேயே நின்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.